பிரிப்பதற்கு முன் பதிவு செய்யுங்கள்: வாங்கிய மாதமே நின்றுபோன பழைய காரும் டீலரும்

பழைய கார் வாங்கி மூன்று வாரம்கூட ஆகியிருக்காது, நடுவழியில் நின்றுவிடும். அப்போது பெரும்பாலானவர்கள் ஒரே காரியத்தைத்தான் செய்கிறார்கள். பக்கத்தில் இருக்கும் மெக்கானிக்கைக் கூப்பிடுவது, வண்டியைச் சரிசெய்வது, பில்லை எடுத்துக்கொண்டு டீலரிடம் போய்ப் பணம் கேட்பது. கேட்பது நியாயம்தான், ஆனால் கையில் எதுவும் மிஞ்சியிருக்காது. கெட்டுப்போன பாகம் பழைய இரும்புக் குவியலில் கிடக்கும். வண்டியின் கம்ப்யூட்டர் கோளாறைக் குறித்துவைத்திருந்த எரர் கோட்களை மெக்கானிக் அழித்திருப்பார். "எது கெட்டிருந்தது, அது எப்போது கெட்டது?" என்று டீலர் கேட்டால் காட்டுவதற்கு ஒரு பில்லைத் தவிர ஒன்றும் இருக்காது.

வரிசையை மாற்றிப் போட்டாலே பாதி வேலை முடிந்துவிடும். முதலில் பதிவு, அடுத்து டீலருக்கு எழுத்தில் தகவல், அதன் பிறகுதான் ஸ்பேனர். இந்தக் கட்டுரை முழுவதும் அந்த வரிசையைப் பற்றித்தான்.

வண்டி நின்ற அந்த அரை மணி நேரம்

வண்டியை ஓரம் கட்டுங்கள், வீட்டுக்குப் போய்விடலாம் என்று மேலும் ஓட்டாதீர்கள். ஆயில் பிரஷர் விளக்கு சிவப்பாக எரிந்தால் எஞ்சினை உடனே அணைக்க வேண்டும். எண்ணெய் அழுத்தம் இல்லாமல் சில நிமிடங்கள் ஓடினாலே கிராங்க் ஷாஃப்ட் பேரிங்குகள் தேய்ந்து பிடித்துக்கொள்ளும். வெப்பமானி சிவப்பைத் தொட்டாலும் அப்படித்தான். சூடு ஆறும்வரை ரேடியேட்டர் மூடியில் கை வைக்கக்கூடாது. செக் எஞ்சின் விளக்கு நிலையாக எரிந்தால் கொஞ்சம் அவகாசம் உண்டு. அது மின்னி மின்னி எரிந்தால், சிலிண்டரில் எரியாத பெட்ரோல் புகைக்குழாய் வழியே புகையைச் சுத்தப்படுத்தும் கேட்டலிட்டிக் கன்வெர்ட்டருக்குள் போய் அங்கே எரிந்து அதை உருக்கிக்கொண்டிருக்கிறது என்று பொருள்.

இதை அழுத்திச் சொல்லக் காரணம் இருக்கிறது. ஒரு இக்னிஷன் காயில் போனது டீலரின் பொறுப்பாக இருக்கலாம். அதோடு ஐம்பது கிலோமீட்டர் ஓட்டி கன்வெர்ட்டரையும் உருக்கினால், இரண்டாவது சேதம் உங்கள் கணக்கில்தான் எழுதப்படும். கூடவே முதல் சேதமும் குழம்பிப்போகும்.

நின்ற இடத்திலேயே போன் கேமராவை எடுங்கள். சாவியை ஆன் நிலையில் வைத்து, ஓடோமீட்டரும் எரியும் விளக்குகளும் ஒரே படத்தில் தெரியும்படி எடுக்க வேண்டும். வண்டிக்கு அடியில் ஏதாவது சொட்டினால் அதையும் எடுங்கள், வெள்ளைத் தாளில் ஒரு சொட்டு வைத்து எடுத்தால் நிறம் தெளிவாகத் தெரியும். பச்சை, இளஞ்சிவப்பு, ஆரஞ்சு என்றால் பெரும்பாலும் கூலன்ட், அதாவது எஞ்சினைக் குளிர்விக்கும் திரவம். பழுப்போ கறுப்போ என்றால் எஞ்சின் ஆயில். சிவப்பு என்றால் பெரும்பாலும் ஆட்டோமேட்டிக் கியர் ஆயில் அல்லது பவர் ஸ்டியரிங் ஆயில். நிறமும் வாசனையும் இல்லாத தண்ணீர் ஏசியிலிருந்து வருவது, அது கோளாறு இல்லை. சத்தம் வருகிறதென்றால், எஞ்சினை ஓட்டுவது ஆபத்தில்லாதபோது மட்டும், பானெட்டைத் திறந்து முப்பது விநாடி வீடியோ எடுங்கள். குளிர்ந்த எஞ்சினை முதல் முறை ஸ்டார்ட் செய்யும்போது மட்டும் கேட்டு மறையும் சத்தங்கள் உண்டு. டீலர் கடைக்கு வண்டி சூடாகப் போய்ச் சேரும்போது அவை கேட்காது. அதனால் காலை முதல் ஸ்டார்ட்டின் வீடியோவுக்கு மதிப்பு அதிகம்.

ஸ்கேனரில் பலரும் திறக்காத பக்கம்

ஸ்டியரிங்குக்குக் கீழே பதினாறு பின் கொண்ட ஓபிடி-2 சாக்கெட் இருக்கும், வண்டியின் கம்ப்யூட்டரைப் படிக்கும் வழி அதுதான். அதில் செருகும் சின்ன புளூடூத் ஸ்கேனரும் போனில் ஒரு செயலியும் போதும். எரர் கோடைப் படித்துவிட்டு நிறுத்திக்கொள்ளாதீர்கள். அழிக்கும் பொத்தானைத் தொடவே தொடாதீர்கள். வண்டியைப் பார்க்க வரும் மெக்கானிக்கிடமும் "எதையும் அழிக்க வேண்டாம், பேட்டரி ஒயரைக் கழற்ற வேண்டாம்" என்று முன்கூட்டியே சொல்லிவிடுங்கள்.

எரர் கோடுகள் மூன்று வகைப்படும். உறுதியானவை, நிலுவையில் இருப்பவை, நிரந்தரமானவை. நிலுவைக் கோட் என்பது கோளாறு ஒரு முறை தென்பட்டு, கம்ப்யூட்டர் அடுத்த ஓட்டத்தில் உறுதிசெய்யக் காத்திருப்பது. நிரந்தரக் கோட் 2010 வாக்கிலிருந்து வந்த பல வண்டிகளில் உண்டு. ஸ்கேனராலும் பேட்டரியைக் கழற்றியும் அதை நீக்க முடியாது. கோளாறு உண்மையாகவே சரியாகிவிட்டது என்று கம்ப்யூட்டர் தானே சோதித்து முடித்த பிறகுதான் அது மறையும். விற்பதற்கு முந்தின நாள் யாராவது கோடை அழித்திருந்தாலும் இந்த வகையில் தடயம் மிஞ்சியிருக்கலாம்.

ஒவ்வொரு உறுதியான கோடுக்கும் பின்னால் ஃப்ரீஸ் ஃபிரேம் என்ற பதிவு இருக்கலாம். கோளாறு விழுந்த நொடியில் எஞ்சின் சுற்று, வேகம், கூலன்ட் வெப்பம், எஞ்சின் சுமை என்னவாக இருந்தன என்று அது சொல்லும். "நீங்கள் கண்டபடி விரட்டியிருப்பீர்கள்" என்று டீலர் சொன்னால், சுற்று 800, வேகம் பூஜ்யம் என்று காட்டும் ஃப்ரீஸ் ஃபிரேமைவிட நல்ல பதில் கிடையாது.

இதையெல்லாம்விட முக்கியமான ஒரு எண் இருக்கிறது. பல வண்டிகளின் கம்ப்யூட்டர், கோடுகள் கடைசியாக அழிக்கப்பட்ட பிறகு வண்டி ஓடிய தூரத்தைக் கணக்கு வைத்திருக்கும். அதன் பிறகு எஞ்சின் எத்தனை முறை குளிர்ந்து சூடானது என்ற எண்ணிக்கையும் இருக்கும். செயலியில் நேரடித் தரவுப் பட்டியலில் தேடினால் கிடைக்கும். நீங்கள் வாங்கி 640 கிலோமீட்டர் ஓட்டியிருக்கிறீர்கள், அந்த எண் 655 என்று காட்டுகிறது என்று வையுங்கள். வண்டி உங்கள் கைக்கு வருவதற்கு 15 கிலோமீட்டர் முன்னால் யாரோ நினைவகத்தைத் துடைத்திருக்கிறார்கள் என்று அதற்குப் பொருள். இது மட்டும் மோசடிக்குச் சான்று ஆகாது. சில வண்டிகளில் பேட்டரி மாற்றினாலே இந்த எண் பூஜ்யமாகிவிடும், நேர்மையான பட்டறையும் பழுது பார்த்தபின் கோடை அழிக்கும். ஆகவே குற்றம் சாட்டாமல் கேள்வியாகக் கேளுங்கள்: "இந்தத் தூரத்தில் கோட் அழிக்கப்பட்டிருக்கிறது. அப்போது என்ன வேலை செய்தீர்கள்? ஜாப் கார்டு காட்டுங்கள்." ஜாப் கார்டு என்பது பட்டறை செய்யும் வேலையை எழுதிவைக்கும் தாள், வேலை செய்திருந்தால் அது இருக்கும். எந்த வேலையும் செய்யாமல் கோடை மட்டும் அழித்திருந்தால் பேச்சின் தொனியே மாறிவிடும்.

இன்னொரு சோதனைக்கு ஸ்கேனரே வேண்டாம். சாவியை ஆன் நிலைக்குத் திருப்பியதும் செக் எஞ்சின், ஏர்பேக், ஏபிஎஸ், ஆயில் விளக்குகள் எல்லாம் சில விநாடி எரிய வேண்டும். எதாவது ஒன்று எரியவே இல்லை என்றால் அந்த விளக்கையே கழற்றியோ மறைத்தோ வைத்திருக்கலாம். அதையும் வீடியோவில் பிடியுங்கள்.

எல்லாத் திரைகளையும் ஸ்கிரீன்ஷாட் எடுத்து, தேதியோடு மின்னஞ்சலில் உங்களுக்கே அனுப்பி வைத்துக்கொள்ளுங்கள். அதே நாளில் விற்பனை விளம்பரத்தையும் ஸ்கிரீன்ஷாட் எடுத்துவிடுங்கள். விற்றுப்போன வண்டியின் விளம்பரம் சீக்கிரம் மறைந்துவிடும். "எஞ்சின், கியர்பாக்ஸ் குறையில்லை" என்று அதில் எழுதியிருந்த ஒற்றை வரிதான் பின்னால் உங்களுக்குத் தூணாக நிற்கும்.

"தேய்மானம்" என்ற சொல்

டீலரின் முதல் பதில் பெரும்பாலும் இதுதான்: "பழைய வண்டி சார், தேய்மானம்தான்." அதில் உண்மையும் உண்டு. பிரேக் பேட், வைப்பர், டயர், பேட்டரி, பல்பு போன்றவற்றுக்காகச் சண்டை போட வேண்டாம். அவை தேய்வதற்கென்றே இருப்பவை. கிளட்சும் பலவீனமான வழக்குதான். பாதி அழுத்தியபடி மேட்டில் நிறுத்தி ஓட்டுபவர் சில நாட்களிலேயே நல்ல கிளட்சைக் கருக்கிவிட முடியும், டீலர் அதைத்தான் சொல்வார். வாங்கிய முதல் இரண்டு மூன்று நாளிலேயே கிளட்ச் நழுவுகிறது என்று எழுத்தில் தெரிவித்திருந்தால் மட்டும் அது நிற்கும்.

வலுவான வழக்கு எது? ஒரு கோளாறு உருவாக எவ்வளவு தூரம் ஆகும் என்று கேட்டுப் பாருங்கள். நீங்கள் ஓட்டிய தூரத்தில் அது உருவாகவே முடியாது என்றால், வாங்கும்போதே அது வண்டிக்குள் இருந்தது. இந்த ஒரு கேள்விதான் விவாதத்தைத் திருப்பும்.

எஞ்சினுக்குள் கேம் ஷாஃப்டையும் கிராங்க் ஷாஃப்டையும் இணைக்கும் டைமிங் செயின் நீண்டுபோவது இதற்கு நல்ல உதாரணம். அவை இரண்டும் ஒன்றுக்கொன்று பொருந்தவில்லை என்று பி0016 கோட் வந்து, பிரித்துப் பார்த்தால் செயின் நீண்டு, அதை இறுக்கிப் பிடிக்கும் டென்ஷனர் முழுதும் வெளியே தள்ளியிருந்தால், அது அறுநூறு கிலோமீட்டரில் நடக்கிற வேலை இல்லை. பல ஆயிரம் கிலோமீட்டர் எண்ணெய் மாற்றாமல் ஓட்டியதன் பலன்.

கூலன்ட் கசிவில் கசிந்த இடத்தைப் பாருங்கள். புதிய கசிவு ஈரமாக இருக்கும். பழைய கசிவு கூலன்ட் காய்ந்து வெள்ளையாகவோ நிறமாகவோ பொருக்குத் தட்டியிருக்கும். விரிசல் விட்ட உலோகமும் காலத்தைக் காட்டும். அன்று உடைந்த இரும்பின் முகம் பளபளப்பாக இருக்கும், பழைய விரிசல் துருவேறியோ எண்ணெய் ஊறிக் கறுத்தோ இருக்கும். பாதி கறுப்பு, பாதி பளபளப்பு என்றால் விரிசல் முன்பே தொடங்கி, மீதி உங்கள் கையில் முறிந்தது. அந்த முகத்தைத் துடைக்காமல் படம் எடுக்கச் சொல்லுங்கள்.

மறைக்கும் முயற்சிகளும் தடயம் விடும். ரேடியேட்டர் கசிவை அடைக்க ஊற்றிய திரவம் கூலன்ட்டில் துகள்களாகவோ பழுப்புச் சேறாகவோ மிதக்கும். சூடேறும் வண்டியில், கூலன்ட் ஓட்டத்தைக் கட்டுப்படுத்தும் தெர்மோஸ்டாட்டையே கழற்றி எறிந்திருப்பார்கள். அப்போது வெப்பமானி ஏறவே ஏறாமல் தாழ்ந்து கிடக்கும், பி0128 கோட் வரலாம். சோதனை ஓட்டத்தில் "சூடே ஆகவில்லை" என்று மகிழ்ந்தவர்கள் இதை யோசித்துப் பார்க்க வேண்டும்.

டீசல் வண்டியில் புகைக்கரியைப் பிடிக்கும் வடிகட்டியான டிபிஎஃப் அடைபட்டால் கொஞ்சம் கவனமாக இருங்கள். புகைக்கரி நிறைவது வேறு, சாம்பல் நிறைவது வேறு. தினமும் இரண்டு கிலோமீட்டர் மட்டும் ஓட்டினால் கரி சீக்கிரம் நிறைந்துவிடும். அது உங்கள் ஓட்டும் முறையால் வந்தது என்று டீலர் சொன்னால் தவறில்லை. ஆனால் சாம்பல் எஞ்சின் ஆயிலின் எச்சம், எரித்து அகற்ற முடியாதது, பல்லாயிரம் கிலோமீட்டரில் சேர்வது. அறிக்கையில் கரி எவ்வளவு, சாம்பல் எவ்வளவு என்று தனித்தனியாகக் குறிக்கச் சொல்லுங்கள். "டிபிஎஃப் அடைப்பு" என்று மட்டும் எழுதிய அறிக்கை டீலருக்குத்தான் உதவும்.

யாரிடம் சோதிப்பது, அறிக்கையில் என்ன இருக்க வேண்டும்

டீலரோடு தொடர்பில்லாத பட்டறையாக இருக்க வேண்டும். பழுது பார்க்கும் வேலையை அவர்களுக்கே தருவதாகச் சொல்லாமல், சோதனைக்கு மட்டும் தனியாகக் கட்டணம் கொடுங்கள். வேலை கிடைக்கும் என்ற எதிர்பார்ப்பு இல்லாதபோது அறிக்கையின் நம்பகம் கூடும்.

எஞ்சின் சக்தி குறைவு அல்லது புகை என்றால் சிலிண்டருக்குள் எவ்வளவு அழுத்தம் உருவாகிறது என்று அளக்கும் கம்ப்ரெஷன் சோதனையும் அடுத்து லீக்-டவுன் சோதனையும் கேளுங்கள். கம்ப்ரெஷனில் சிலிண்டர்களுக்கு இடையே பொதுவாக 10 முதல் 15 சதவீதத்துக்கு மேல் வேறுபாடு இருந்தால் சந்தேகப்படலாம். சரியான வரம்பை அந்த வண்டியின் சர்வீஸ் மேனுவல் சொல்லும். லீக்-டவுனில் சிலிண்டருக்குள் காற்றை அடைத்து அது எங்கே வெளியேறுகிறது என்று காது வைத்துக் கேட்பார்கள். புகைக்குழாயில் சீறினால் எக்ஸாஸ்ட் வால்வு. காற்று உள்ளே போகும் குழாயில் கேட்டால் இன்டேக் வால்வு. ஆயில் ஊற்றும் வாயில் வந்தால் பிஸ்டன் ரிங். ரேடியேட்டரில் குமிழி வந்தால் ஹெட் கேஸ்கெட் (எஞ்சின் பிளாக்குக்கும் மேல்பகுதியான ஹெட்டுக்கும் இடையிலான சீல்) அல்லது ஹெட்டில் விரிசல். ஹெட் கேஸ்கெட்டுக்குத் தனியாக ஒரு எளிய சோதனையும் உண்டு. ரேடியேட்டர் வாயில் நீல திரவம் கொண்ட குழாயை வைத்து உள்ளிருக்கும் ஆவியை உறிஞ்சுவார்கள். எஞ்சினில் எரிந்த வாயு கலந்திருந்தால் நீலம் மஞ்சளாகும், அதை வீடியோ எடுத்துவிடலாம். ஆயில் மூடிக்கு அடியில் வெண்ணெய் போல் படிந்திருப்பதை மட்டும் வைத்து ஹெட் கேஸ்கெட் போய்விட்டது என்று எழுத விடாதீர்கள். குறுந்தூரம் மட்டும் ஓடும் வண்டியில் ஈரப்பதத்தாலேயே அப்படிப் படியும். டீலரின் மெக்கானிக் அந்த ஓட்டையை உடனே பிடித்துக்கொள்வார்.

ஸ்டார்ட் ஆகவில்லை என்ற புகாரில் மின்சாரப் பக்கத்தை எண்களாகக் கேளுங்கள். ஓய்வில் இருக்கும் முழு சார்ஜ் பேட்டரி 12.6 வோல்ட் காட்டும், 12.2 என்றால் கிட்டத்தட்ட பாதி. எஞ்சின் ஓடும்போது பெரும்பாலான வண்டிகளில் 13.8 முதல் 14.7 வோல்ட். புதிய வண்டிகள் சிலவற்றில் ஆல்டர்னேட்டரைக் கம்ப்யூட்டரே கட்டுப்படுத்துவதால் இது தாழ்ந்தும் ஏறும். வண்டியைப் பூட்டி முப்பது நாற்பது நிமிடம் கழித்தும் 50 மில்லி ஆம்பியருக்கு மேல் மின்சாரம் கசிந்தால், புதுப் பேட்டரி போட்டாலும் அது மறுபடி காலியாகிவிடும். டீலர் பேட்டரியை மாற்றிக் கொடுத்து முடித்துக்கொள்ளப் பார்க்கும் இடம் இது.

அறிக்கையில் வண்டியின் சேசிஸ் எண், ஓடோமீட்டர், தேதி, செய்த சோதனைகள், அளவுகள், கோளாறின் காரணம் எல்லாம் இருக்க வேண்டும். பலர் கேட்க மறக்கும் வரி ஒன்று உண்டு: "வாங்கியபின் ஓடிய தூரத்தையும் பாகத்தின் நிலையையும் பார்க்கும்போது, இக்கோளாறு விற்பனைக்கு முன்பே இருந்தது என்பது எங்கள் கருத்து, காரணங்கள் இவை." அந்த வரி இல்லாத அறிக்கை கோளாறு இருக்கிறது என்று மட்டுமே சொல்லும். அதை டீலரே மறுக்க மாட்டார்.

வாரண்டித் தாளில் முதலில் பார்க்க வேண்டியது

வாரண்டியைக் கொடுத்தது யார் என்று பாருங்கள். டீலர் தானே கொடுத்ததா, வெளி வாரண்டி நிறுவனமா, தயாரிப்பாளர் வாரண்டியின் மிச்சமா? மூன்றுக்கும் கதவு வேறு வேறு. சேசிஸ் எண்ணை அந்த பிராண்டின் சர்வீஸ் சென்டரில் கொடுத்தால் மிச்ச வாரண்டி இருக்கிறதா, ரீகால் (தயாரிப்புக் குறையைச் சரிசெய்ய நிறுவனமே வண்டிகளைத் திரும்ப அழைப்பது) ஏதும் நிலுவையில் இருக்கிறதா என்று சொல்வார்கள். பாதுகாப்பு ரீகால் என்றால் நீங்கள் எத்தனையாவது உரிமையாளர் என்பது பொருட்டல்ல, பொதுவாக இலவசமாகவே செய்து தருவார்கள். டீலரோடு மல்லுக்கட்டத் தொடங்கும் முன் இந்த ஒரு போன் அழைப்பைச் செய்துவிடுங்கள்.

வெளி வாரண்டியில் விழும் குழி ஒன்றுதான், ஆனால் ஆழமானது: முன் அனுமதி இல்லாமல் பிரித்தால் கோரிக்கை தள்ளுபடி. கியர்பாக்ஸை இறக்கினால்தான் காரணம் தெரியும் என்று பட்டறை சொல்லும். இறக்கிய பிறகு "இது எங்கள் பட்டியலில் இல்லை" என்று வாரண்டி நிறுவனம் சொன்னால் இறக்கிய கூலி உங்கள் தலையில். எனவே பிரிக்கும் முன் அனுமதி எண்ணை எழுத்தில் வாங்குங்கள், ஒரு கோரிக்கைக்கான உச்ச வரம்பையும் கூலிக்கான வரம்பையும் படித்துவிடுங்கள். வெளி வாரண்டி இருப்பதால் டீலரின் பொறுப்பு தானாகப் போய்விடுவதில்லை. "வாரண்டிக் கம்பெனியிடம் பேசுங்கள், எங்களுக்குச் சம்பந்தமில்லை" என்று சொல்லி அனுப்பினால், இருவருக்கும் ஒரே மின்னஞ்சலை ஒன்றாக அனுப்புங்கள்.

டீலரிடம் கேட்கும் விதம்

விற்ற பையனிடம் புலம்பிப் பயனில்லை, செலவை ஒப்புக்கொள்ளும் அதிகாரம் அவரிடம் இல்லை. மேலாளர் அல்லது உரிமையாளரிடம் போக வேண்டும். எல்லா டீலரும் ஏமாற்றுக்காரர் இல்லை என்பதையும் மனத்தில் வையுங்கள். ஏலத்தில் எடுத்துக் கழுவித் துடைத்து விற்ற வண்டியின் உள்நோய் அவருக்கே தெரியாமல் இருந்திருக்கலாம். கத்தலோடு தொடங்கினால் அவரும் வாசலை மூடிவிடுவார்.

டீலரின் கணக்கைப் புரிந்துகொள்ளுங்கள். அவருக்குப் பாகங்களும் கூலியும் உங்களைவிட மலிவு. பணத்தைத் திருப்புவதோ வண்டியைத் திரும்ப எடுப்பதோ அவருக்குப் பெரிய இழப்பு. ஆகவே முதலில் பழுதுபார்ப்பைக் கேட்பதுதான் ஒப்புக்கொள்ள எளிதான கோரிக்கை. விதிவிலக்கு ஒன்று உண்டு. வண்டியைத் திருப்பிக் கொடுக்கும் உரிமைக்கு உங்கள் ஊரில் குறுகிய காலக்கெடு இருந்தால், பழுது கேட்கும் கடிதத்திலேயே "இதனால் திருப்பித் தரும் உரிமையை நான் விட்டுக்கொடுக்கவில்லை" என்று ஒரு வரி சேர்க்க வேண்டும்.

செய்தி இந்த அளவில் இருந்தால் போதும்:

"வணக்கம். இம்மாதம் 3-ஆம் தேதி உங்களிடம் வாங்கிய வண்டி 19-ஆம் தேதி ஓடும்போது நின்றுவிட்டது. வாங்கும்போது ஓடோமீட்டர் 62,400, இப்போது 63,040. எரர் கோட் பி0016. அன்றிலிருந்து வண்டியை ஓட்டவில்லை, எதையும் பிரிக்கவில்லை. படங்கள், ஸ்கேன் பதிவு, சோதனை அறிக்கை இணைத்துள்ளேன். கோளாறு விற்பனைக்கு முன்பே இருந்தது என்று அறிக்கை கூறுகிறது. உங்கள் செலவில் வண்டியை எடுத்துச் சென்று, டைமிங் செயின், டென்ஷனர், கைடுகள் ஆகியவற்றை மாற்றித் தருமாறு கேட்கிறேன். நீங்களும் வந்து பார்க்கலாம். ஏழு நாளுக்குள் எழுத்தில் பதில் தாருங்கள்."

"எதையும் பிரிக்கவில்லை", "நீங்களும் வந்து பார்க்கலாம்" ஆகிய இரண்டு வாக்கியங்களை விட்டுவிடாதீர்கள். டீலருக்குப் பார்க்கும் வாய்ப்பே தரப்படவில்லை என்ற வாதத்தை அவை அடைத்துவிடும். போனில் பேச்சு நடந்தால், முடிந்த ஐந்து நிமிடத்தில் "இன்று நாம் பேசியது" என்று சுருக்கி அனுப்பிவிடுங்கள். மறுப்பு வராத அந்தச் செய்தியும் ஒரு பதிவுதான்.

பாதிப் பாதி என்று டீலர் சொன்னால், எதில் பாதி என்று கேளுங்கள். "பாகம் நீங்கள், கூலி நாங்கள்" என்பது சமமாகத் தோன்றும், ஆனால் காயில் மாற்றுவதில் பாகமே பெரும் செலவு, செயின் மாற்றுவதில் கூலிதான் பெரிது. மொத்த மதிப்பீட்டை எழுத்தில் வாங்கிய பிறகே சதவீதம் பேச வேண்டும். பழுதுக்குப் பதிலாக வேறு வண்டி தருகிறேன் என்றால், அந்த வண்டியையும் இதே ஸ்கேனரில் செருகிப் பார்க்காமல் தலையாட்ட வேண்டாம்.

சட்டம் ஊருக்கு ஊர் மாறும். பிரிட்டனில் 2015-ஆம் ஆண்டு நுகர்வோர் உரிமைச் சட்டப்படி முதல் 30 நாளில் குறையுள்ள வண்டியைத் திருப்பித் தரலாம். அதன் பிறகு டீலருக்கு ஒரு பழுதுபார்ப்பு வாய்ப்பு உண்டு, ஆறு மாதம் வரை வெளிப்படும் குறை வாங்கும்போதே இருந்ததாகக் கொள்ளப்படும், இல்லை என்று காட்டுவது டீலர் பொறுப்பு. சிங்கப்பூரிலும் 2012 முதல் ஆறு மாத விதி பழைய கார்களுக்கும் பொருந்துகிறது. ஐரோப்பிய ஒன்றியத்தில் 2022 முதல் இந்த அனுமானக் காலம் குறைந்தது ஓராண்டு. அமெரிக்காவில் டீலர் கண்ணாடியில் ஒட்ட வேண்டிய தாளில் வாரண்டி உண்டா, 'உள்ளது உள்ளபடி' விற்பனையா என்று குறித்திருக்க வேண்டும், அங்கே அந்தத் தாள்தான் தொடக்கப் புள்ளி. இந்தியாவில் 2019-ஆம் ஆண்டு நுகர்வோர் பாதுகாப்புச் சட்டப்படி இரண்டு ஆண்டுக்குள் புகார் செய்யலாம், குறையைக் காட்ட நிபுணர் அறிக்கை கனமாக நிற்கும். இவையெல்லாம் வியாபாரியிடம் வாங்கியவர்களுக்கு. தனி ஆளிடம் வாங்கியிருந்தால் உங்கள் பிடி மிகவும் பலவீனமானது.

கடனில் வாங்கியிருந்தால் கோபத்தில் தவணையை நிறுத்தாதீர்கள். டீலரோடான சண்டை அப்படியே இருக்க, கடன் கொடுத்தவரோடு புதுச் சண்டை ஒன்று முளைக்கும். அதைவிட அவர்களுக்கும் கடிதத்தின் நகலை அனுப்புங்கள். சில கடன் ஒப்பந்தங்களில் வண்டியின் தரத்துக்குக் கடன் நிறுவனமும் பொறுப்பு.

வண்டியை ஒப்படைக்கும்போதும் திரும்ப வாங்கும்போதும்

டீலர் ஒப்புக்கொண்டுவிட்டால் பலர் நிம்மதியில் சாவியைக் கொடுத்துவிட்டு வந்துவிடுகிறார்கள். அங்கே ஒரு ஜாப் கார்டு இல்லாமல் சாவி கை மாறக்கூடாது. அதில் ஓடோமீட்டர், எரிபொருள் அளவு, உங்கள் புகார் உங்கள் சொற்களில், முடிக்கும் தேதி எல்லாம் இருக்க வேண்டும். நாலு பக்கமும் படம் எடுங்கள். போடப்போகும் பாகம் புதியதா, பழைய வண்டியிலிருந்து எடுத்ததா, தயாரிப்பாளருடையதா, வேறு பிராண்டா என்று கேட்டு எழுத வையுங்கள். மாற்றிய பழைய பாகத்தைத் திருப்பித் தர வேண்டும் என்பதையும் அப்போதே எழுத வேண்டும், முடிந்தபின் கேட்டால் அது இருக்காது.

"கோளாறு எதுவும் தெரியவில்லை" என்று திருப்பி அனுப்பினால், விட்டு விட்டு வரும் கோளாறு எந்தச் சூழலில் வருகிறது என்று எழுதிக் கொடுங்கள்: இரவு முழுதும் நின்ற வண்டி, முதல் ஸ்டார்ட், மூன்றாவது கியரிலிருந்து நான்குக்கு மாறும்போது, இப்படி. வண்டியை அன்றிரவு அங்கேயே விட்டு, காலையில் அவர்கள் மெக்கானிக்கைப் பக்கத்தில் உட்கார வைத்து நீங்களே ஓட்டுங்கள்.

திரும்ப வாங்கும் நாளில் ஸ்கேனரை மறுபடி செருகுங்கள். வேலை முடிந்ததும் கோட் அழிப்பது வழக்கம், அதனால் விளக்கு அணைந்திருப்பதற்கு மதிப்பில்லை. பார்க்க வேண்டியது ரெடினஸ் மானிட்டர்கள், அதாவது கம்ப்யூட்டர் ஒவ்வொரு பகுதியையும் தானே சோதித்து முடித்ததா என்று காட்டும் பட்டியல். கோடை அழித்ததும் அவை 'முடியவில்லை' என்ற நிலைக்குப் போய்விடும். நகரத்திலும் நெடுஞ்சாலையிலும் கலந்து ஓட்டி, இடையில் எஞ்சின் முழுதும் குளிர விட்டு, எல்லாம் 'முடிந்தது' என்று மாறும்வரை கோளாறு தீர்ந்ததாகக் கையெழுத்துப் போட வேண்டாம். கேட்டலிட்டிக் கன்வெர்ட்டர், எரிபொருள் ஆவி ஆகிய இரண்டின் சோதனைகள் பெரும்பாலும் கடைசியில்தான் முடியும், சில நாட்கள் ஆகலாம். கூலிங் வேலை என்றால் இரண்டாம் நாள் காலை, எஞ்சின் குளிர்ந்திருக்கும்போது கூலன்ட் அளவைப் பாருங்கள். உள்ளே அடைபட்ட காற்று வெளியேறி முதல் நாள் கொஞ்சம் இறங்குவது இயல்பு. நிரப்பியபின் மூன்றாம் நாளும் இறங்கினால் கசிவு இன்னும் இருக்கிறது.

அதே கோட் திரும்பி வந்தால் அன்றைக்கே, முந்தைய ஜாப் கார்டு எண்ணைக் குறிப்பிட்டு எழுதுங்கள். புதுப் புகாராக எழுத வேண்டாம், "இன்ன எண்ணில் செய்த வேலை தோல்வி, இது இரண்டாவது முறை" என்று எழுதுங்கள். கூடவே முதல் ஃப்ரீஸ் ஃபிரேமையும் இரண்டாவதையும் பக்கம் பக்கமாக இணையுங்கள். இரண்டிலும் எஞ்சின் சுற்றும் வெப்பமும் சுமையும் கிட்டத்தட்ட ஒன்றாக இருந்தால், 'இது வேறு கோளாறு' என்று சொல்வது டீலருக்கு மிகக் கடினம்.